பன்னிரண்டாவது பேராசிரியர்

"மேடம், இது யாரோட நினைவுன்னு போடலையே" என்றாள் அந்தப் பெண்.

கவுண்டர் கண்ணாடியின் அடியிலிருந்த துளை வழியே ஒரு கடிதம் உள்ளே வந்தது. பொறியியல் புலத்தின் உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் அதை வாங்கிப் பார்த்தாள். அவளே அடித்த கடிதம். அவளே உறையிலிட்டு ஒட்டி அனுப்பியது. 'பேராசிரியர்' என்ற சொல்லுக்கும் 'நினைவு உதவித்தொகை' என்ற சொற்களுக்கும் நடுவே, பல் விழுந்த இடம்போல ஒரு வெற்றிடம் இளித்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்று பெயர். மற்றவர்கள் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் இடத்தில், இவள் காற்புள்ளி வைத்து இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுத்தான் விடுவாள். விடுப்பு விண்ணப்பத்தில்கூட காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், அதற்குக் கணவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கும். இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பன்னிரண்டு மாணவர்களுக்குக் கடிதம் அனுப்பி, ஒன்றில் இறந்தவரின் பெயரை விட்டிருக்கிறாள்.

"குடும்பத்துக்கு நன்றிக் கடிதம் எழுதணும்னு விதியில இருக்கு மேடம். பேர் தெரியாம எப்படி எழுதறது?"

"ரெண்டு நிமிஷம் உட்காரும்மா. இப்பப் பார்த்துச் சொல்றேன்."

கோப்பில் பதினொரு பேராசிரியர்கள் இருந்தார்கள். கொதிகலன் பாடம் எடுத்தவர், பம்புப் பாடம் எடுத்தவர், சிமெண்டு, பற்சக்கரம், மின்மாற்றி என்று ஆளுக்கொரு துறை. அறக்கட்டளையின் கடிதமோ இந்த வருடம் பன்னிரண்டு என்றது. ஒரு பேராசிரியருக்கு ஒரு மாணவர் என்பது கணக்கு. இவள் விரல்விட்டு எண்ணினாள், பென்சிலால் எண்ணினாள், கடைசியில் எழுந்துபோய்த் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த படங்களையே எண்ணினாள். பதினொரு படங்கள். பதினொரு கிழவர்கள் பதினொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஓர் ஆணி மட்டும் தனியாக நின்றது. புது ஆணி. துருகூட ஏறவில்லை.

அவளுக்கு முதுகில் லேசாகக் குளிர்ந்தது. ஆணிக்கெல்லாம் பயந்தால் எப்படி என்று தன்னையே அதட்டிக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

கண்காணிப்பாளர் யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார். மேசைமேல் ஒரு கண்ணாடி உருண்டை உண்டு, தாள் பறக்காமல் வைப்பதற்கு. அதைப் பார்த்துத்தான் பேசுவார்.

"பேர் இல்லையா?"

"இல்ல சார். தேடிட்டேன்."

"பேர் இல்லேன்னா ஆள் இல்ல. ஆள் இல்லேன்னா தொகை இல்ல. பன்னிரண்டாவதை ரத்துப் பண்ணி அந்தப் பொண்ணுக்கு ஒரு கடிதம் போட்டுடுங்க."

"அந்தப் பொண்ணு வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கு சார்."

"அப்ப தபால்தலை வேண்டாம்" என்றார் உருண்டையிடம்.

காற்புள்ளி திரும்பி வந்தபோது அந்த மாணவி கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். பையின் வார் அறுந்த இடத்தில் மின்கம்பி சுற்றியிருந்தது. சுற்றிய விதத்தில் ஒரு நேர்த்தி இருந்தது.

"எனக்குத் தப்பா வந்துடுச்சா மேடம்?" என்றாள். அழவில்லை. தப்பாகத்தான் வந்திருக்கும் என்று வழியிலேயே தீர்மானித்துவிட்டவள்போலக் கேட்டாள். "தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க. லாரி எடை மேடையில ரசீது எழுதற வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. கடிதம் வந்ததும் அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார். வேற ஆள் போடறதுக்குள்ள போய்க் கேட்டா ஒருவேளை கொடுப்பாங்க."

காற்புள்ளி அந்தக் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வெற்றிடத்தில் ஒரு பெயரை அடித்தாள்.

அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் யாராவது "அட, அவரா, தெரியுமே" என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான். நடந்ததையெல்லாம் கேட்டபிறகு என் பயம் உங்களுக்கும் புரியும்.

"என்ன பாடம் எடுத்தார் மேடம்?"

தெருவில் சாலை உருளை ஒன்று போய்க்கொண்டிருந்தது. மேசைமேல் டம்ளரில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

"அதிர்வு" என்றாள் காற்புள்ளி.

மாணவி முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "எனக்கும் அதுதான் மேடம் பிடிக்கும்."

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் அழைத்தார். "பேர் கிடைச்சுடுச்சாமே. நல்லது. உதவித்தொகை விழாக் கையேட்டுல போட அவரைப் பத்தி மூணு வரி வேணும்."

மூன்று வரி கேட்டால் மூன்று வரியோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் அவளுக்கு ஏன் அப்படிப் பெயர் வைக்கிறார்கள். பதினாறு வரி எழுதினாள். வகுப்பில் உட்காரவே மாட்டார். மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதில் எழும் வளையத்தைப் பார்த்தே வெளியே போவது பேருந்தா லாரியா என்று சொல்வார். பாலம் கட்டியவர்கள் விழாவுக்கு அழைத்தால் போகமாட்டார், விரிசல் விட்டபிறகு அழைத்தால் முதல் ஆளாகப் போவார். ஒரு கோடைக்காலத்தில், விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதே காலமானார். கடைசித் தாளுக்குப் போட்ட மதிப்பெண் சரியாகவே இருந்தது.

இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: நடக்கும்போது அவருடைய இடது செருப்பு மட்டும் கிறீச்சிடும். படித்துப் பார்த்ததில் இது கொஞ்சம் அதிகப்படி என்று அவளுக்கே தோன்றியது. அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, அந்த வரி இல்லாமல் வேறு தாளில் எடுத்துக் கொடுத்தாள்.

கண்காணிப்பாளர் பதினாறு வரியையும் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "படம்?" என்றார்.

அவள் கணவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள். பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த சட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியதில், எல்லாவற்றுக்கும் அடியில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அகப்பட்டார்.

"இவர் யாருங்க?"

"தெரியாது" என்றார் கணவர், வாயில் ஆணிகளோடு. "அப்பா கடையை நடத்தின காலத்துலேர்ந்து கிடக்கு. சட்டம் போடக் கொடுத்துட்டுப் போனவங்க திரும்ப வரல."

"செத்துப்போனவரா இருப்பாரோ?"

"கல்யாணப் படம்னா மறக்காம வந்து வாங்கிட்டுப் போவாங்க. மறந்துட்டாங்கன்னா, செத்தவரைத்தான் மறந்திருப்பாங்க."

"பார்த்தா படிச்சவரா இருக்கார்."

"கண்ணாடி போட்டா எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க. எதுக்குக் கேக்கறே?"

அவள் சொன்னாள். காற்புள்ளி போட்டுப் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"யாரோ ஒரு மனுஷனை எடுத்துட்டுப் போய் வாத்தியார் ஆக்கறே. அவரைத் தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து நின்னா?"

"இத்தனை வருஷமா வராதவன் இப்ப எதுக்கு வரப்போறான்?"

மறுநாள் காலை பியூன் ஏணியோடு வந்தார். அந்தப் புலத்தில் முப்பத்தெட்டு வருடமாக டீ கொண்டு வருபவர், குப்பைக்கூடை கொட்டுபவர், தபால் பிரிப்பவர் எல்லாம் அவர் ஒருவரே. படத்தைத் தூக்கி அந்தத் தனி ஆணியில் மாட்டினார். கீழே இறங்கி நின்று நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கடைசியில சார் வந்துட்டார்" என்றார்.

காற்புள்ளி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க. நாலு வருஷம் டீ கொடுத்திருக்கேன். சர்க்கரை வேண்டாம்பார். ஆனா கலக்கறதுக்கு ஸ்பூன் மட்டும் கேப்பார்." ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலு அடி நடந்தவர் நின்று திரும்பினார். "ஒரு செருப்பு மட்டும் கத்தும். இடதுன்னு ஞாபகம்."

ஏணி தாழ்வாரத்தின் திருப்பத்தில் மறைந்தது. காற்புள்ளி படத்தைப் பார்த்தாள். மற்ற பதினொரு பேரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் நேராக அவளையே பார்த்தார். கடையில் இருந்தபோது இப்படிப் பார்த்தாரா என்று யோசித்தாள். நினைவில்லை.

அன்று மதியம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்துக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த அதிர்வுப் பேராசிரியர் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அவர்... அவரை யாருமே பார்த்திருக்க முடியாது சார்."

"ஆமாம், வெளியில அதிகம் வரமாட்டார்" என்றார் கண்காணிப்பாளர். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு நாள் அந்த வாசல்ல நின்னு நான் எழுதறதையே பார்த்தார். தம்பி, உன் கையெழுத்து நடுங்குது, அது உன் தப்பு இல்ல, மேசையோட தப்புன்னார். நாலாவது காலுக்கு அடியில அட்டை வைன்னார்."

காற்புள்ளி குனிந்து பார்த்தாள். மேசையின் நாலாவது காலுக்கு அடியில் ஓர் அட்டை மடித்து வைத்திருந்தது. பல வருடப் பழுப்பு ஏறிய அட்டை.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தாழ்வாரத்தில் தனியாகப் போவதை நிறுத்தினாள். தண்ணீர் பிடிக்கப் போவதென்றால்கூட யாராவது அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்து, அவர்கள் பின்னாலேயே போய்வந்தாள். நாலாவது நாள், மதிய வெயில் சன்னலில் விழுந்துகிடந்த நேரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவுக்கு வெளியே ஒரு சத்தம் வந்தது.

கிறீச்.

சற்று இடைவெளி. சத்தமில்லாத ஓர் அடி. பிறகு மறுபடியும், கிறீச்.

அது அவள் கதவுக்கு நேராக வந்து நின்றது. மேசைமேல் இருந்த டம்ளரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தண்ணீரில் ஒரே ஒரு வளையம் எழுந்து, விரிந்து, விளிம்பைத் தொட்டு அடங்கியது. தெருவில் லாரியும் இல்லை, பேருந்தும் இல்லை.

பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தாள். யாருமில்லை. பன்னிரண்டு கிழவர்கள் சுவரில் இருந்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள். அவர் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார்.

"நீ பண்ணது ஒரே தப்புதான். ஆளை ரொம்பப் பெருசா எழுதிட்டே. கொஞ்சம் சின்னதாக்கு. வந்தார், கொஞ்ச நாள் இருந்தார், போயிட்டார்னு எழுது. ஜனங்க தானா மறந்துடுவாங்க."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. மறுநாளே ஒரு திருத்தம் அடித்துப் பலகையில் ஒட்டினாள்: மேற்படி பேராசிரியர் இப்புலத்தில் ஓராண்டு மட்டுமே, அதுவும் வருகைதரு பேராசிரியராகவே பணியாற்றினார் என்பதை அறியவும். அவள் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறிய வாக்கியம். ஒரு காற்புள்ளிதான் இருந்தது.

அது ஒட்டிய ஒரு மணி நேரத்தில் டீன் அழைத்தார்.

டீன் அறைக்குள் அவள் அதுவரை போனதே இல்லை. நீண்ட அறை. கோடியில் ஒரு மேசை. அதன் பின்னால் எவரையும் நிற்கவைத்தே பேசும் மனிதர். அவர் கையில் அந்தத் திருத்தம் இருந்தது. பலகையிலிருந்து பிய்த்ததில் நாலு மூலையும் கிழிந்திருந்தது.

"யார் எழுதினது இது?"

"நான்தான் சார்."

"ஓராண்டா? எனக்கே ரெண்டு வருஷம் பாடம் எடுத்தார்." டீனின் குரல் தாழ்ந்தது. "என்னை ஃபெயில் பண்ணார். அந்த ஒரு ஃபெயில் இல்லேன்னா நான் இந்த நாற்காலியில இல்ல. இன்னைக்கும் கணக்கு ஒண்ணு போட்டா, போட்டு முடிச்சதும் பின்னாடி யாரோ நின்னு பார்க்கற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது நிஜம். காற்புள்ளி பார்த்தாள்.

"கையேட்டுலயும் ஒரு தப்பு இருக்கு. அவர் போனது கோடையில இல்ல. நல்ல மழை. நான்தான் குடை பிடிச்சேன். திருத்திடுங்க."

"திருத்திடறேன் சார்."

"இந்த வருஷ விழாவுல அவருக்குன்னு தனியா அரை மணி நேரம் ஒதுக்குங்க. குடும்பத்தைக் கூப்பிடணும்."

கடைசியாக ஒரு கதவு திறந்தாற்போல இருந்தது அவளுக்கு. "அவருக்குக் குடும்பமே இல்ல சார். நான் விசாரிச்சுட்டேன்."

"மகள் ஒருத்தி உண்டு" என்றார் டீன். "சரியா விசாரிங்க."

பதினாறு வரியில் மகள் இல்லை. கசக்கி எறிந்த தாளிலும் மகள் இல்லை. டீன் அறைக்கும் தன் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

மகளை எங்கே போய்த் தேடுவது. ஆனால் தேடவேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மாணவி கவுண்டருக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், ரொம்ப நன்றி. சாரோட பொண்ணு பதில் போட்டிருக்காங்க."

"எதுக்குப் பதில்?"

"நான் எழுதின நன்றிக் கடிதத்துக்குத்தான். உங்ககிட்டத்தானே கொடுத்தேன், அனுப்பச் சொல்லி."

கொடுத்தது உண்மைதான். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் அதை மேசை இழுப்பறையில், ரப்பர் முத்திரைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். இப்போது இழுப்பறையைத் திறந்தாள். முத்திரைகள் இருந்தன. கடிதம் இல்லை.

மாணவி நீட்டிய தாளில் பென்சில் எழுத்து, சாய்வாக, அழுத்தமாக இருந்தது. உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு நன்றி சொல்வது பிடிக்காது. கணக்கை நன்றாகப் போடு, போதும். விழாவுக்கு வருகிறேன்.

"மேடம், உங்க கை நடுங்குதே" என்றாள் மாணவி.

"மேசை சரியில்ல" என்றாள் காற்புள்ளி.

விழாவன்று அவள் விடுப்பு எடுக்கப் பார்த்தாள். உடம்பு சரியில்லை என்பதற்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள். கண்காணிப்பாளர் அதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "பேராசிரியரைக் கண்டுபிடிச்சதே நீங்க. நீங்க இல்லாம எப்படி?" என்றார். அன்று முதல்முறையாக உருண்டையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அது அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

அரங்கத்தில் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'குடும்பத்தினர்' என்று அட்டை வைத்திருந்தது. காற்புள்ளி கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவர். வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க, பாரு" என்று அவர் அவள் காதில் சொன்னார். "நாற்காலி காலியா இருக்கும். கைதட்டிட்டு எழுந்து போயிடலாம்."

அப்போது ஒரு பெண்மணி உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலை, கையில் பெரிய பை, காலில் சேறு காய்ந்த கனமான ஷூ. யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக நடந்துபோய் அந்த நாற்காலியில் இருந்த அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாரு இது?" என்றார் கணவர்.

டீன் அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அந்தப் பெண்மணியை அழைத்தார். அவர் மேடையேறி, ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"அப்பா வீட்டுல அதிகமாப் பேசமாட்டார்" என்று ஆரம்பித்தார். "சாப்பிடும்போது டம்ளரையே பார்த்துட்டிருப்பார். என்னப்பான்னா, அடுத்த தெருவுல யாரோ கதவை அறைஞ்சு சாத்தறாங்கம்பார். கொஞ்ச நேரத்துல அந்த வீட்டுலேர்ந்து யாராவது எங்க வீட்டுக்கு வந்து அழுவாங்க. அவர் சொன்னது சரியா இருக்கும்."

அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அவர் செருப்பு பத்தி உங்கள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இடது கால்ல மட்டும் சத்தம் வரும். புதுசு வாங்கித் தரேன்னேன். வேண்டாம்னுட்டார். நான் வர்றது பசங்களுக்கு முன்கூட்டியே தெரியணும். காப்பியடிக்கறவன் அவனாவே நிறுத்திப்பான். நான் யாரையும் பிடிக்க வேண்டியிருக்காதுன்னார்."

காற்புள்ளி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். செருப்பைப் பற்றி எழுதினாள், கசக்கினாள், அது வேறு. ஆனால் இந்தக் காரணத்தை அவள் எழுதவே இல்லை. செருப்பு ஏன் கத்த வேண்டும் என்று பேனாவைக் கடித்தபடி யோசித்ததும், பிடிபடுகிற மாணவன்மேல் இரக்கப்பட்டு அவர் அதைத் தைக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டதும் அவள் தலைக்குள் நடந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மாணவியின் பெயர் அழைக்கப்பட்டது. அவள் மேடைக்கு ஓடாத குறையாகப் போனாள். பையில் இப்போது புது வார் இருந்தது. பெண்மணி அவள் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். மேடை மேசைமேல் டீனுக்காக வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் மெல்ல நடுங்கி நின்றதைக் கடைசி வரிசையிலிருந்தே பார்த்ததாகக் காற்புள்ளி இன்றும் சொல்கிறாள். கைதட்டலால் இருக்கும் என்கிறார் கணவர். கைதட்டல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்கிறாள் இவள்.

விழா முடிந்தது. பக்கத்து அறையில் டீக் கோப்பைகளைப் பியூன் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெண்மணி சன்னலோரம் தனியாக நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். இனியும் இதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனால் ராத்திரி தூக்கம் வராது, இந்த ராத்திரி மட்டுமல்ல, எந்த ராத்திரியும் வராது என்று காற்புள்ளிக்குத் தோன்றியது. கணவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பெண்மணியிடம் போனாள்.

"அம்மா, நான் இங்க எழுத்தர். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நீங்க என்னைத் திட்டுங்க, அடிங்க, போலீஸ்ல வேணும்னாலும் சொல்லுங்க."

"சொல்லும்மா."

"உங்க அப்பாவை நான்தான் எழுதினேன். அந்தப் பொண்ணோட படிப்பு நின்னுடக் கூடாதேன்னு ஒரு பேரை அடிச்சேன். படம் எங்க வீட்டுக்காரர் கடையில கிடந்தது. டம்ளர், பாலம், விடைத்தாள் எல்லாம் நான் இட்டுக்கட்டினது. அதுக்கப்புறம் எல்லாரும் அவரைத் தெரியும்கறாங்க. டீன் சார் அழறார். ஒருவேளை நிஜமாவே அப்படி ஒருத்தர் இருந்து, நான் தெரியாம அவர் பேரை எடுத்துட்டேனா, இல்ல நான் எழுதினதால அவர் வந்துட்டாரா, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க யாருன்னும் புரியல. அம்மா, அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்ல."

பியூன் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தினார். பெண்மணி டீயைக் கடைசி மடக்குவரை நிதானமாகக் குடித்தார். கோப்பையைப் பியூனின் தட்டில் வைத்துவிட்டு, காற்புள்ளியின் தோளில் கைபோட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார். "நான் எட்டாவது சாரோட பணத்துல படிச்சவ, டீன் மூணாவது சாரோட பணத்துல படிச்சவர், அந்தச் சுவத்துல இருக்கற பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்கூடப் பொறக்கல."